இடது கால் லாடம்

கராச்சர்மா, போர்ட் பிளேர்
12-8-1966

அலமுவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, ஆள் கையில் வருகிறது. கொண்டுவருபவர் பெயர் பக்தவத்சலம். எங்கள் பி.டபிள்யூ.டி. ஆபீஸில் குமாஸ்தா. சொந்த ஊர் திருமங்கலம், இரண்டு மாத லீவில் வருகிறார். ஒரு காப்பி கொடு. நிறையப் பேசுவார், அதில் பாதி இந்தியாக இருக்கும், பயந்துவிடாதே. பதினைந்து வருஷமாக இங்கே இருக்கிறார், அதனால் வந்த வினை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் மெட்ராஸில் சைக்கிள் பந்தயம் வைத்து ரயில்வேக்கு ஆள் எடுக்கிறார்கள். முப்பது மைல் தூரம், முதல் இரண்டு பேருக்கு வேலை. வயது வரம்பு இருபத்தேழு. எனக்கு மார்ச்சில் இருபத்தேழு முடிகிறது. எனவே இதுவே முதலும் கடைசியும். ஜெயித்துவிட்டால் மதுரையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். இனி என் காலம் முடியும்வரை கடலைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பார்க்க வேண்டாம். நான் தாண்டி வந்துவிடுகிறேன்.

ஒரே ஒரு குறை, லாடம். மாமா செய்து கொடுத்த ஜோடி தேய்ந்துவிட்டது. இங்கே உப்புக் காற்றும் சரளைக் கல்லும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. ஷூவிலிருந்து கழற்றிப் பழையதை அனுப்பியிருக்கிறேன். அதே அளவில் புதிதாக ஒரு ஜோடி செய்து பக்தவத்சலம் திரும்பும்போது கொடுத்துவிடச் சொல். தினமும் ஆபீஸ் விட்டதும் இருபது மைல் ஓட்டுகிறேன் என்று மாமாவிடம் சொல். தொடை கல் போல இருக்கிறது.

நீ நன்றாகச் சாப்பிடு.

ஜம்புலிங்கம்

*

சிம்மக்கல், மதுரை
3-9-1966

அத்தான்,

உங்கள் பக்தவத்சலம் வந்தார். காப்பியோடு விடவில்லை, நான்கு தோசையும் சாப்பிட்டார். பொட்டலத்தைப் பிரித்ததும் லாடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யே க்யா ஹை பாபி? என்ன அண்ணி இது, காளை மாட்டுக்கு அடிக்கிறதா?" என்றார். பொறுமையாகச் சொன்னேன். பந்தய ஷூவின் அடியில் ஆணி வைத்து அடிப்பது, நடுவில் ஒரு வெட்டு இருக்கும், அது பெடல் விளிம்பைக் கவ்விக்கொள்ளும், மேலே தோல் வாரை இறுக்கிவிட்டால் ஆள் விழுந்தாலும் கால் கழலாது என்றேன். "அப்ப நடக்கிறது எப்படி?" என்றார். நடக்கக் கூடாது, அது ஓட்டுவதற்கு மட்டும் என்றேன்.

அவர் போன பிறகு நான் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தான், நான் இந்த சைக்கிள் கடையில் பிறந்து வளர்ந்தவள். எனக்குப் பால் புகட்டிய கையோடு அப்பா பஞ்சர் ஒட்டியிருக்கிறார். தினம் இருபது மைல் ஓட்டுகிறவன் லாடம் உள்ளே தேயும், வெட்டு அகலமாகும். உங்களுடையதில் வெட்டு அப்பா அரம் வைத்து ராவிக் கொடுத்தபடியே இருக்கிறது. தேய்ந்ததெல்லாம் வெளியே, தரையில் படுகிற பக்கம். வலது பரவாயில்லை. இடதின் முன்விளிம்பு காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன். "கல்லு ரோட்டுல ஓட்டுறான், தேயாம என்னம்மா செய்யும்?" என்று சொல்லிவிட்டுத் தகடு தேடப் போய்விட்டார். அவர் உங்களைச் சந்தேகப்படவே மாட்டார். பெண்ணைக் கொடுப்பதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தார்.

எந்த லாடம் இப்படித் தேயும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கடை வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமல், இடது காலை மட்டும் தரையில் ஊன்றி, காற்று அடிக்க வந்தவர் போல மணிக்கணக்காக நிற்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் இடதுதான் தேய்ந்தது. அப்பா ஒன்றும் புரியாமல் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார்.

இப்போது யார் வீட்டு வாசல்?

அலமேலு

*

கராச்சர்மா
28-9-1966

அலமேலு அம்மாளுக்கு,

கையெழுத்தை முழுப்பெயராகப் போட்டிருந்தாய். சரி, நானும் அப்படியே எழுதுகிறேன்.

சந்தேகத்துக்கு மருந்து ஏது? கராச்சர்மாவிலிருந்து ஜங்லிகாட் வரை ரோடு ஏறி இறங்கிப் போகிறது, நீ பார்த்ததுதானே. பஸ் வந்தால் ஓரத்தில் ஒதுங்கிக் காலை ஊன்றி நிற்க வேண்டும். லாரி வந்தாலும் நிற்க வேண்டும். காலை ஊன்றினால் தேயத்தான் செய்யும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரேஷன் அரிசியைப் பொங்கி, நானே துவைத்து, நானே தனியாகப் படுத்து எழுந்திருக்கிற எனக்கு வாசல் வாசலாக நிற்க நேரம் இருக்கிறது என்று நினைக்கிறாய். நினைத்துக்கொள். மாமா லாடம் செய்து கொடுத்தால் போதும். நீ அதில் ஜாதகம் பார்க்க வேண்டாம்.

ஜம்புலிங்கம்

*

மதுரை
20-10-1966

அத்தான்,

ஜாதகம் பார்க்கவில்லை. பார்த்தவரை போதும்.

புது ஜோடி தயார். பக்தவத்சலம் நாளை மெட்ராஸ் போகிறார், அவரிடம் கொடுத்துவிடுவேன். அப்பாவுக்கு இப்போது கிட்டத்துப் பார்வை இல்லை. வெட்டு நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவித் தடவி ராவினார். சில நாள் விரலில் ரத்தம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

"ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பழக்கிக்கட்டும். அதைப் போட்டுக்கிட்டு ஒரு அடி நடக்கப்படாது. கையில தூக்கிட்டுப் போகட்டும். கடைசி மைல் கொடி தெரிஞ்சதும் குனிஞ்சு ரெண்டு வாரையும் இறுக்கணும். எது மறந்தாலும் அது மறக்கப்படாது."

பக்தவத்சலத்தை நேராகவே கேட்டேன். சாயங்காலத்தில் இவர் எங்கே போகிறார் என்றேன். வளவளவென்று பேசுகிற மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "பாபி, அதை என் வாயால சொல்ல வேணாம். அவனையே பூச்சோ, அவனையே கேளுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது என் மனது எங்கெல்லாம் போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்களை அங்கே தனியாக விட்டுவிட்டு வந்தது நான். அதை மறக்கவில்லை. ஏன் வந்தேன் என்று உங்களுக்கும் மறந்திருக்காது என்று நினைத்தேன். பந்தயத்தில் ஜெயியுங்கள். ஜெயித்த பிறகு மதுரைக்குத்தான் வர வேண்டுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அலமேலு

*

கராச்சர்மா
14-11-1966

அலமு,

பக்தவத்சலம் நேற்று வந்து சேர்ந்தார். லாடத்தைக் கொடுத்தார், கூடவே திட்டும் கொடுத்தார். "அந்தப் பொண்ணு கண்ணப் பாக்க முடியலடா தம்பி. பதா தோ உஸ்கோ. சொல்லித் தொலை" என்றார். சொல்லித் தொலைக்கிறேன்.

நாகுவைப் பார்க்கத்தான் போகிறேன்.

குழந்தையைக் கொண்டுபோன அன்று, பெண்கள் வரக் கூடாது என்று உன்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டோம். அதற்கு அடுத்த கப்பலில் நீ போய்விட்டாய். அதனால் அந்த இடம் எப்படி இருக்கும் என்றுகூட உனக்குத் தெரியாது. கராச்சர்மாவிலிருந்து ஜங்லிகாட் போகிற வழியில் இடது பக்கம் ஒரு மேடு. கீழே ரோட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சரளைக் கல் பாதையில் ஏற வேண்டும். அங்கே பெயர் எழுதிய பலகையோ கல்லோ எதுவும் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு அப்படி வைக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த மண்ணில் புல் வளர்வது உனக்குத் தெரியும். ஒரு மழைக்குக் கணுக்கால், இரண்டு மழைக்கு முழங்கால். நீ போன பிறகு நான் காய்ச்சலாகக் கிடந்தேன். எழுந்து போனபோது எது அவள் இடம் என்று தெரியவில்லை. அலமு, பெற்றவன் நான், கையால் மண் தள்ளியவன் நான், எனக்கே தெரியவில்லை. முட்டி போட்டுப் புல்லை விலக்கி விலக்கிக் கடைசியில் நான் வைத்த வெள்ளைக் கல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. அதிலிருந்து தினம் போகிறேன்.

இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஆபீஸ் விட்டுப் போனால் வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஷூவை அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் பொழுது போய்விடும். வெறும் காலோடு போனால் அட்டை. அதனால் லாடத்தோடே ஏறிவிடுவேன். வலது முட்டியைத் தரையில் போட்டு, இடது காலை ஊன்றி, அந்தக் காலிலேயே திரும்பித் திரும்பிப் புல் பிடுங்குவேன். இடது லாடம் அப்படித்தான் தேய்ந்தது. இருபது மைல் பொய். பாதி நாள் மேட்டிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குத்தான் வருகிறேன். நீ பார்த்த பார்வை அத்தனையும் சரி, வாசல் மட்டும்தான் தப்பு.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று நீதான் கப்பல் ஏறும்போது சொன்னாய். அது மட்டும் காரணம் இல்லை. அங்கே போகிறேன் என்று தெரிந்தால் நான் இந்த ஊரை விட்டு வர மாட்டேன் என்று நினைத்துக்கொள்வாய். அப்படி இல்லை. வருவேன்.

ஜம்பு

*

மதுரை
8-12-1966

அத்தான்,

படித்துவிட்டுப் பல நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கடையில் நான்கு பேருக்குத் தப்பான சைஸ் டியூபைக் கொடுத்து அனுப்பினேன்.

உங்களை என்னென்னவோ நினைத்துவிட்டேன். அதற்கு இனிமேல் என்ன செய்வது? என் வாயில் மண். அந்தப் பழைய இடது லாடத்தை அப்பா தகரக் குப்பையில் போட்டிருந்தார். தேடி எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

நாகு என்று எழுதிப் பார்க்கிறேன். பெயரைச் சொல்லாமல் இருந்தால் வலிக்காது என்று எவளோ சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும். அங்கே நிழல் இருக்கிறதா? தலை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? மழைத் தண்ணீர் தேங்குமா, ஓடிவிடுமா? அன்றைக்கே உங்களைக் கேட்டிருக்க வேண்டியது. கேட்கப் பயமாக இருந்தது.

அத்தான், ஆனாலும் நீங்கள் வந்துவிடுங்கள். பக்தவத்சலம் நல்ல மனிதர், அவரிடம் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். ஒரு பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்தேன். உங்களையும் அங்கே விட என்னால் முடியாது. நான் திரும்பி அங்கே வரலாமே என்று கேட்பீர்கள். நான் வந்தால் அந்த மேட்டிலிருந்து எழுந்திருக்க மாட்டேன். இங்கே இருந்தால் காலையில் எழுந்திருக்கிறேன், கடை திறக்கிறேன். இவ்வளவுதான் என்னால் முடிகிறது.

புது லாடம் அடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு அங்கே போக வேண்டாம். உங்கள் பெண்ணே கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் மெட்ராஸிலிருந்து நேரே இங்கேதான் வர வேண்டும். அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்.

அலமு

*

கராச்சர்மா
16-2-1967

அலமு,

முகவரியைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் மேட்டுக்குப் போனேன். ஆபீஸுக்கு லீவு, மத்தியானமே போய்விட்டேன். ஷூவைக் கழற்றத்தான் நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது, பாதையெல்லாம் அட்டை. ஒரு நாள்தானே, ஏறி இறங்கிவிடலாம் என்று ஏறினேன். ஏறிய பிறகு இறங்க மனது வரவில்லை. இனி வரப்போவதில்லை என்ற நினைப்பு. நான் ஜெயிப்பேன் என்று முழுசாக நம்பினேன் அலமு, அதுதான் வினை. நம்பியதால் அந்த இடத்தைச் சுற்றி இருந்த புல்லை எல்லாம் வேரோடு எடுத்தேன். கீழே ரோட்டோரத்திலிருந்து கல் தூக்கி வந்து நான்கு பக்கமும் வரம்பு கட்டினேன். எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று தெரியாது. பக்தவத்சலம் தேடி வந்து, "ஜோ சலா கயா ஓ சலா கயா, தம்பி. போனது போயிருச்சு. எழுந்திரு, கப்பல் நிக்காது" என்று கையைப் பிடித்து இறக்கினார்.

கப்பலில் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். இடது லாடத்தின் வெட்டு ஒரு பக்கம் நசுங்கி வாய் அகன்றிருந்தது. ஒரு சுத்தியலை இரவல் வாங்கித் தட்டி நேராக்கினேன். போதும் என்று நினைத்தேன்.

பந்தயத்தில் இருபத்தெட்டாவது மைல் வரை மூன்றாவதாக வந்தேன். முன்னால் போனவர்களில் ஒருவன் களைத்துப் போய்த் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், எனக்கு மூச்சு நிறைய மிச்சம் இருந்தது. கடைசி மைல் கொடி தெரிந்தது. எழுந்து நின்று மிதித்தேன். இரண்டாவதாக வந்துவிட்டேன். அப்போது இடது கால் பெடலை விட்டு வெளியே வந்துவிட்டது. சைக்கிள் ஆடியது, விழவில்லை. காலை மறுபடி மாட்டுவதற்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனேன். மதுரை டிக்கெட் வாங்குகிற வரிசையில் நின்றேன். மாமா வந்து நிற்பார், அந்த விரலோடு என் ஷூவை வாங்கித் தடவிப் பார்ப்பார். நடந்தாயா என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? வரிசையை விட்டு வந்து கப்பல் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

இங்கே வந்து பார்த்தால் நான் கட்டிய வரம்புக்குள் மறுபடி புல். பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த பக்தவத்சலத்தைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இடுப்பு வலி.

ஜம்புலிங்கம்

*

மதுரை
10-3-1967

அத்தான்,

அப்பா மூன்று நாள் ஸ்டேஷனுக்குப் போய் வந்தார். மாலை வாங்கி வைத்திருந்தார். அது வாடுவதற்குள் எடுத்துப் பிள்ளையாருக்குப் போட்டேன்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், மேட்டில் நடந்ததை விட்டுவிட்டு. கால் கழன்றது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, "தகடு மெலிசாப் போச்சோ? என் கண்ணுதான் கெடுத்துருச்சு" என்றார். அன்றையிலிருந்து இன்னும் தடிமனாக ஒரு ஜோடி ராவிக்கொண்டிருக்கிறார், அடுத்த வருஷத்துக்காம். இந்த மாதத்தோடு உங்கள் வயது வரம்பு முடிகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராவட்டும் என்று விட்டுவிட்டேன்.

நானும் அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். லாடம் நசுங்கியது, சுத்தியலால் தட்டியது, கொடி தெரிந்தது, எழுந்து நின்று மிதித்தது, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அத்தான், வாரை இறுக்கியிருந்தால் அடியில் லாடமே இல்லாவிட்டாலும் கால் வெளியே வராது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பத்து வருஷமாகப் பந்தயம் ஓட்டுகிறவர் நீங்கள். கொடியைப் பார்த்தால் கை தானாகக் கீழே போகும். அன்றைக்கு ஏன் போகவில்லை?

கோபத்தில் கேட்கவில்லை. வேண்டுமென்று செய்தீர்கள் என்றும் சொல்லவில்லை. செய்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கே தெரியாமல் நடந்திருக்கும். நீங்கள் வந்துவிட்டால் அந்த இடம் புல்லுக்குள் போய்விடும். அங்கே தினம் குனிந்து புல் எடுக்கிற ஒரே ஆள் நீங்கள். நானாக இருந்தாலும் என் கையும் கீழே போயிருக்காது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

உங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை என்றால் பொய். இருக்கிறது. உயிரோடு இருக்கிறவள் ஒருத்தி இங்கே காத்திருந்தேன் அல்லவா? டிக்கெட் வரிசையில் இன்னும் இரண்டு ஆள்தான் உங்களுக்கு முன்னால் நின்றிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன். பிறகு நீங்கள் அங்கே முட்டி போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். அதற்குப் பிறகு திட்ட முடியவில்லை. இனி ரயில்வே, மாற்றல், பந்தயம் என்று எதுவும் எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் நான் நம்பிவிடுவேன். நம்பத் தெம்பு இல்லை.

நிழல் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். கேன்வாஸ் ஷூ, ரப்பர் அடி, கணுக்கால் வரை மூடும், அட்டை ஏறாது. லாடம் கிடையாது. மேட்டுக்கு ஏற அதைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அளவில் ஒரு ஜோடிதான் வைத்திருக்கிறேன். என் அளவில் இன்னொன்று இருக்குமோ என்று அடியில் தேட வேண்டாம்.

அலமு